வெட்டுவதற்கு முன் பிரியுங்கள்: சண்டே மார்க்கெட் துணியை மாற்றித் தைப்பது

12.1.2025, ஞாயிறு. கேள்வி, புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து

காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல ஒரு பழைய ஆம்பளை சட்டை எடுத்தேன். 44 சைஸ், நல்ல காட்டன், வெள்ளையில நீலக் கோடு. எனக்கு மார்பளவு 36. ரெண்டு பக்கமும் உள்ளே தள்ளி, கை ஓரத்திலேர்ந்து கீழ் வரைக்கும் ஒரே தையலா அடிச்சிட்டேன். உடம்புல சரியா நிக்குது. ஆனா கையைத் தூக்கினா சட்டை மொத்தமும் மேல ஏறுது, தோள் தையல் புஜத்துல தொங்குது. பழைய துணியை மாத்தறது வெட்டி வேலைன்னு தோணுது. ரெண்டு மீட்டர் புதுசா எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். என்ன சொல்றீங்க அக்கா?

12.1.2025, இரவு

துணி மேல் தப்பில்லை, வேலையின் வரிசை மாறிவிட்டது.

தொளதொள சட்டையில் கைக்குழி அக்குளைவிட இரண்டு இன்ச் கீழே இருந்தாலும் உறுத்தாது. பக்கத்தில் இருக்கும் தாராளத் துணி கையோடு சேர்ந்து எழும்பிக்கொள்ளும். பக்கத்தை இறுக்கியதும் அந்தத் தாராளம் போய்விட்டது. கைக்குழி மட்டும் அதே பள்ளத்தில் நிற்கிறது. கை உயரும்போது இழுக்க வேறு துணி இல்லாததால் கீழ் ஓரத்தை இழுக்கிறது.

போட்ட தையலைப் பிரித்துவிடுங்கள். பிறகு ரெடிமேட் தையலையும் பிரிக்க வேண்டும்: இரண்டு கை, இரண்டு பக்கம், மொத்தமாக. கத்தரியால் ஓரமாக வெட்டித் தள்ளினால் வேகமாக முடியும்தான். ஆனால் அந்தத் தையலில் ஒரு ஓரம் இன்னொரு ஓரத்தை மூடி மடிந்திருக்கிறது, அதில் அரை இன்சுக்கு மேல் துணி ஒளிந்திருக்கும். அது உங்களுக்கு வேண்டும். ஒரு பக்கத்து நூலை மூன்று நான்கு தையலுக்கு ஒன்று வீதம் அறுத்துக்கொண்டே போங்கள். துணியைத் திருப்பி மறுபக்க நூலை இழுத்தால் நீளமாக உருவிக்கொண்டு வரும். உட்பக்கம் சங்கிலி மாதிரி தெரிந்தால் அறுக்கவே வேண்டாம். தையல் முடிந்த முனையைக் கண்டுபிடித்து அங்குள்ள நூலை இழுத்தால் சரசரவென்று வந்துவிடும். வராவிட்டால் நீங்கள் பிடித்தது ஆரம்ப முனை, மறுமுனைக்குப் போங்கள்.

பிரித்த துண்டுகளை ஈரம் தெளித்து இஸ்திரி போட்டுத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். முதுகை நடுவில் மடித்து வையுங்கள். உங்கள் தோள் 14½ இன்ச் என்று வைத்துக்கொண்டால் பாதி 7¼, தையலுக்கு ½ சேர்த்து 7¾ இன்சில் புள்ளி. அங்கிருந்து புதுக் கைக்குழியை வரைய வேண்டும். அளவு பார்த்து வரைவதைவிட, நன்றாகப் பொருந்தும் ஒரு டாப்பை மேலே வைத்து அதன் கைக்குழியைச் சுற்றி வரைவது நிச்சயமானது. பழைய வளைவுக்கு உட்புறம் துணி இருப்பதால் அடிப்புள்ளியை ஒரு இன்சிலிருந்து ஒன்றரை இன்ச் வரை உயர்த்த முடியும். உங்கள் சிக்கலுக்கு மருந்து அந்த ஒன்றரை இன்ச்தான்.

சட்டையைத் தரையில் விரித்து அளந்தால் 24 இன்ச் அகலம் இருக்கும், சுற்றளவு 48. உங்களுக்கு 36, தாராளத்துக்கு 4, ஆக 40. எட்டு இன்ச் குறைய வேண்டும், பக்கத்துக்கு நாலு.

கைத்துண்டையும் மறுபடி வெட்ட வேண்டும். தொங்கும் தோளுக்கு வெட்டிய கையின் மேல்வளைவு தட்டையாக இருக்கும். தோள் உள்ளே வந்தால் வளைவு உயர வேண்டும், இல்லாவிட்டால் புஜத்தில் குறுக்குச் சுருக்கம் விழும். பழைய வளைவின் உச்சியை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு ஓரத்தையும் ஒன்றரை இன்ச் கீழே இறக்கி வரையுங்கள். புதுக் கைக்குழியின் சுற்றளவைவிடக் கையின் வளைவு அரை இன்ச் கூடுதலாக இருந்தால் போதும். காட்டன் அதற்கு மேல் உள்வாங்காது, கொசுவம் விழும்.

பிறகு வரிசை: தோள், கைக்குழி, கையை விரித்தபடியே பொருத்துவது, எல்லாம் முடிந்த பிறகு கை ஓரத்திலிருந்து கீழ் வரை அந்த ஒரே தையல். நீங்கள் முதலில் செய்தது கடைசியில் செய்ய வேண்டியது. மிஷினில் ஏற்றுவதற்கு முன் கச்சாத் தையல் (பிறகு உருவிவிடும் நீளமான கைத்தையல்) போட்டு ஒருமுறை உடுத்தி, கையைத் தூக்கிப் பாருங்கள்.

13.1.2025, போகி

எரிக்க ஒதுக்கிய மூட்டையை இன்று காலையில் ஒருமுறை கிளறிப் பாருங்கள். பாலியஸ்டரும் நைலானும் உருகிக்கொண்டே எரியும். அந்தப் புகை குழந்தைகள் பக்கத்தில் நிற்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். காட்டனாக இருந்தால் கிழிந்த வேட்டி உட்பட எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பல முறை துவைத்து மெத்தென்று ஆன வேட்டியைப் போல் லைனிங் துணி கடையில் கிடைக்காது. இனி சுருங்காது, வியர்வையை இழுத்துக்கொள்ளும், சட்டென்று காயும். நாலு முழ வேட்டியில் இரண்டு பிளவுஸுக்கான லைனிங்கும் கழுத்துப் பட்டிக்குக் கிராஸ் துணியும் (குறுக்குச் சாய்வாக வெட்டியது) தேறும்.

15.1.2025. மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கேள்வி

குவியல்ல எது நல்ல துணின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? லேபிளை வெட்டிட்டுத்தான் போடறாங்க.

15.1.2025

லேபிள் இருந்தாலும் அதை நம்பி வாங்க வேண்டாம். நம்ம ஊர் சட்டையில் 42 என்றால் இன்ச் கணக்கில் மார்பளவு. ஐரோப்பாவுக்குத் தைத்த சட்டையில் 42 என்பது சென்டிமீட்டரில் கழுத்தளவு. டேப்பைக் கையில் எடுத்துப் போங்கள். அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், நீளம், இந்த மூன்றும் போதும்.

பிறகு துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். நிழல் சீராக இருந்தால் நல்லது. பேன்ட்டில் தொடைச் சந்து, சட்டையில் முழங்கை, காலர் மடிப்பு, இந்த மூன்று இடத்தில் சல்லடை மாதிரி வெளிச்சம் கசிந்தால் அங்கே நூல் தேய்ந்துவிட்டது. புதுத் தையல் போட்டால் தையல் நிற்கும், பக்கத்துத் துணி கிழியும். மஞ்சளான அக்குளும் அப்படித்தான், வியர்வை ஊறி நூல் வலுவிழந்திருக்கும். ஆனால் கையில்லாத டாப்பாக வெட்டப்போகிறீர்கள் என்றால் அந்த இடமே போய்விடும், தாராளமாக எடுக்கலாம். காலர் மடிப்பில் மட்டும் தேய்ந்த சட்டையையும் விடாதீர்கள். காலரைப் பட்டியிலிருந்து பிரித்து, திருப்பி, அதே இடத்தில் வைத்துத் தைத்தால் தேயாத பக்கம் மேலே வந்துவிடும். பெரியவர்கள் ஒரு சட்டையைப் பல வருஷம் ஓட்டியது இந்த வித்தையால்தான்.

கைப்பிடிக்குள் ஒரு முனையைப் பத்து விநாடி கசக்குங்கள். காட்டன், லினன், ரேயான் மூன்றும் கசங்கும், பாலியஸ்டர் விரிந்துகொள்ளும். வீட்டுக்கு வந்து உறுதி செய்ய, உட்தையலிலிருந்து நாலு நூல் உருவி இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு மிருதுவான சாம்பல் வந்தால் காட்டன் அல்லது ரேயான். முடி கருகும் நாற்றமும் நசுக்கினால் பொடியாகும் கரிமணியும் பட்டு அல்லது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் பாலியஸ்டர் போன்ற செயற்கை நூல். காட்டனா ரேயானா என்று பிரிக்க நூலை நனைத்து இழுங்கள். ரேயான் நனைந்தால் பாதி பலத்தை இழக்கும், பட்டென்று அறும்.

வெயில் நாட்டுக்கு உடுப்பு தைக்கிறோம். எவ்வளவு அழகான கோட்டாக இருந்தாலும் பாலியஸ்டர் லைனிங் போட்டதை அப்படியே உடுத்த முடியாது. லைனிங்கைப் பிரித்து எறிய மனமிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

17.1.2025, திருத்தம்

"பக்கத்துக்கு நாலு" என்று எழுதியது ஒருவரைத் தவறாக வெட்ட வைத்துவிட்டது. தையல் கோட்டை இரண்டு பக்கமும் நாலு இன்ச் உள்ளே தள்ளியிருக்கிறார், சட்டை 32 இன்ச் ஆகிவிட்டது. சரியான கணக்கு இது: ஒரு பக்கத் தையலில் முன்துண்டு ஒன்று, பின்துண்டு ஒன்று. கோடு ஒரு இன்ச் உள்ளே போனால் இரண்டிலும் ஒவ்வொரு இன்ச், ஆக இரண்டு இன்ச் குறையும். இரண்டு பக்கமும் சேர்ந்தால் நாலு. எனவே எட்டு இன்ச் குறைய, கோடு பழைய இடத்திலிருந்து இரண்டு இன்ச் மட்டும் உள்ளே போக வேண்டும். மொத்தக் குறைவை நாலால் வகுப்பது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிவிட்டவருக்கு: வீணாகவில்லை. பக்கத்தில் அக்குளிலிருந்து கீழ் வரை பட்டை வைக்கலாம். பட்டை வெளியே தெரிய நாலு இன்ச், ஓரத் தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் அரை இன்ச், ஆக ஐந்து இன்ச் அகலத்தில் இரண்டு துண்டு. வெட்டித் தள்ளிய துணியே பொருந்தும். அதில் போதிய நீளம் இல்லாவிட்டால் நீலக் கைலித் துணி வையுங்கள். குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலி கட்டம் இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் அருமையாக நிற்கும். ஆனால் புதுக் கைலியானால் முதலில் தனியாக இரண்டு மூன்று தடவை அலசிவிடுங்கள்.

19.1.2025, ஞாயிறு

உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்குமே என்று கேட்டிருக்கிறார்கள். நிற்காது. சாயம் போடும் தொட்டியில் உப்பு உதவும், சாயத்தை நூலை நோக்கித் தள்ளும். நெய்து முடித்த துணியில் ஒட்டாமல் கிடக்கும் சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. அலசி வெளியேற்றுவதுதான் வழி. போனதா என்று பார்க்க, நனைத்த வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்கள். வெள்ளையில் கறை விழவில்லை என்றால் வேறு துணியோடு சேர்த்துத் தைக்கலாம்.

துவைப்பது பற்றி. மூட்டைத் துணியை வீட்டுக்குள் கொட்டாதீர்கள், வாசலிலேயே வாளி வையுங்கள். காட்டனுக்குக் கொதித்து இறக்கிய தண்ணீரில் சோப்புத் தூள் போட்டு அரைமணி நேரம். மூட்டைப்பூச்சி, அதன் முட்டை எல்லாம் சூட்டில்தான் சாகும். கம்பளிக்கும் பட்டுக்கும் ரேயானுக்கும் கொதிநீர் ஆகாது. அவற்றைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மொட்டை மாடி வெயிலில் வைத்து, நடுவில் திருப்பிப் போட்டு, பிறகு குளிர்ந்த நீரில் அலசுங்கள். ரேயானை முறுக்கிப் பிழியக் கூடாது, ஈரத்தில் அது எவ்வளவு நலிவானது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

பூசண நாற்றத்துக்கு நாலு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு வினிகர், அரைமணி நேரம், பிறகு நேர் வெயில். கடற்காற்றில் நிழலில் உலர்த்தினால் நாற்றம் திரும்பி வரும். கொக்கி இருந்த இடத்தில் துருக்கறை இருந்தால் வெள்ளைக் காட்டனில் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் காயவிட்டு அலசுங்கள், இரண்டு மூன்று தடவை செய்தால் போய்விடும். துருவின் மேல் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றவே கூடாது, கறை இன்னும் கறுத்து நிலைத்துவிடும். இழுத்தால் நீளும் ஜீன்ஸிலும் பிளீச்சிங் வேண்டாம், அதற்குள் இருக்கும் ரப்பர் நூல் செத்துத் தொங்கிவிடும்.

ஜிப்: பித்தளைப் பல் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், மெழுகுவர்த்தியால் தேய்த்தால் மறுபடி ஓடும். இரும்புப் பல் துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

22.1.2025. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து

அம்மாவோட பழைய பட்டுப் புடவை. மடிப்பு மடிப்பா கோடு விட்டிருக்கு. பொண்ணுக்குப் பாவாடை தைக்கலாமா? பொண்ணுக்கு எட்டு வயசு.

22.1.2025, மாலை

முதலில் சரிகையைப் பாருங்கள். ஓரத்தில் ஒரு இழையை ஊசியால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அது வெள்ளிச் சரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் வெட்டும் முன் சரிகை எடுப்பவரிடம் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், துண்டுபோட்ட பிறகு வருத்தப்பட வேண்டாம்.

அடுத்து மடிப்புக் கோடு. இரண்டு கட்டைவிரலையும் கோட்டின் இருபுறம் வைத்து மெல்ல விலக்குங்கள். இழை நகர்ந்து இடைவெளி விழுந்தால் அந்தக் கோடு போய்விட்டது. ஒரு கோடு போய்விட்டது என்றால் மற்ற மடிப்புகளும் அதே வயதுதான். இறுக்கமாகப் பிடிக்கும் பிளவுஸாகத் தைக்கக் கூடாது. பாவாடை தைக்கலாம், ஏனென்றால் கொசுவத்தில் இழுவிசை பரவிவிடும்.

நலிந்த இடத்துக்குப் பின்னால் மெல்லிய காட்டன் வைத்து அரை இன்சுக்கு ஒரு வரியாக ஓட்டுத் தையல் போடுங்கள். பசை தடவிய கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டுவது வேகமான வழி, ஆனால் பழம்பட்டில் அந்தச் சூடும் விறைப்பும் சேர்ந்து கேன்வாஸின் ஓரத்திலேயே புதுக் கிழிசலை உண்டாக்கும்.

அளவு: இடுப்புக்கு மூன்று மடங்கு சுற்றளவு. புடவையின் கரை அப்படியே பாவாடையின் கீழ் ஓரமாக வரட்டும். உயரத்தில் மிச்சப்படும் துணியை வெட்டாதீர்கள். கரைக்கு மேலே ஒரு இன்ச் ஆழத்தில் இரண்டு டக் (குறுக்காக மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடியுங்கள். ஒவ்வொரு டக்கும் இரண்டு இன்ச் துணியை விழுங்கும், பொண்ணு வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்தால் நாலு இன்ச் நீளம் கிடைக்கும். டக் தையலுக்குப் பெரிய தையலும் மெல்லிய ஊசியும் போதும், 11-ஆம் நம்பர். தடித்த ஊசி பட்டில் போட்ட ஓட்டை மறையாது.

26.1.2025

அலங்காரம் பற்றி இதுவரை எதுவும் எழுதவில்லை. வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். பழைய துணியில் பூவேலை போடுபவர்கள் பெரும்பாலும் நெஞ்சு நடுவில் ஆரம்பிக்கிறார்கள். குறை எங்கே இருக்கிறதோ அங்கே ஆரம்பியுங்கள். கறை, சின்ன ஓட்டை, பிரித்த தையலின் தடம், இவற்றைப் புள்ளிகளாகக் காகிதத்தில் குறித்துக்கொண்டு அவற்றை இணைக்கும்படி கொடியை வரையுங்கள். ஒரு கறையை மட்டும் மறைக்கும் ஒற்றைப் பூ, கறையைக் காட்டிக்கொடுக்கும்.

ஓட்டையானால் பின்னால் துணி வைத்துச் சுற்றிலும் கால் இன்ச் தள்ளி ஓட்டுத் தையல் போட்ட பிறகே மேல்வேலை. பனியன் துணியில் கைவேலை செய்வதானால் பின்னால் மெல்லிய காட்டன் கட்டாயம். எம்பிராய்டரி வளையத்தில் இழுத்து மாட்டித் தைத்தால், கழற்றியதும் துணி சுருங்கி வேலை முழுக்க முண்டு முண்டாக நிற்கும். பூ இதழுக்குச் சங்கிலித் தையல், தண்டுக்குக் காம்புத் தையல். இழுபடும் இடத்தில் நீண்ட சாட்டின் தையல் வேண்டாம், வளையலில் மாட்டும்.

பாசி, கண்ணாடி: துணியைவிட வேலை கனமாகக் கூடாது. சட்டையைக் கொடியில் தொங்கவிட்டுப் பாருங்கள், கழுத்து முன்னால் இறங்கினால் கனம் அதிகம். பாசியை ஒரே நூலில் கோத்துக்கொண்டே போகாமல் நாலைந்துக்கு ஒருமுறை முடிச்சுப் போடுங்கள், ஒன்று அறுந்தால் மற்றவை தப்பும். பிளாஸ்டிக் சம்கி இஸ்திரிச் சூட்டில் சுருண்டுவிடும், திருப்பிப்போட்டு மேலே துணி வைத்தே தேய்க்க வேண்டும். பிளவுஸ் முதுகில் ஆரி வேலை போடுவதானால் நாற்காலியில் சாயும் இடத்தை விட்டுவிடுங்கள்.

கண்ணுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் புதுச்சேரி ரோமன் ரோலந்து வீதியில் குளூனி கன்னியாஸ்திரீகளின் எம்பிராய்டரி மையத்துக்குப் போங்கள். கைவேலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பதுதான் பாடம்.

2.2.2025

ஜீன்ஸ் கேட்டவர்களுக்கு, சுருக்கமாக. ஊசி 16. பக்கத் தையலின் மேட்டில் ஏறும்போது மிஷின் பாதத்தின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், தையல் விட்டுப்போகும், ஊசி உடையும். பாதத்தின் பின்பக்கத்தில் அதே தடிமனுக்கு மடித்த ஜீன்ஸ் துண்டைச் சொருகுங்கள், பாதம் சமமாகும். மேட்டின் மேல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

கீழ் ஓரத்தின் பழைய தையலை வைத்துக்கொண்டே நீளம் குறைக்க: மூன்று இன்ச் குறைய வேண்டுமானால் கீழ் ஓரத்தை வெளிப்புறமாக மடியுங்கள். ஓரத் தையல் கோட்டிலிருந்து மடிப்பு வரை ஒன்றரை இன்ச் இருக்க வேண்டும். ஓரத்தை ஒட்டி அடியில் தைத்து, மிச்சத்தை உள்ளே தள்ளி இஸ்திரி போடுங்கள். இடுப்பைப் பின்நடுவில் ஒன்றரை இன்சுக்கு மேல் குறைக்காதீர்கள், பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிடும்.

தையல்காரர் ஆல்டரேஷன் என்றால் முகம் சுளிக்கிறார் என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். அவர் பக்கத்து நியாயம் நேரம். பிரிப்பதற்கு ஆகும் நேரத்தில் அவர் புது பிளவுஸ் ஒன்றைத் தைத்துவிடுவார், பிரிப்புக்குக் கூலி கேட்டால் யாரும் தருவதில்லை. நீங்களே பிரித்து, இஸ்திரி போட்டு, புதுக் கோட்டை வேறு நிற நூலில் கச்சாத் தையலாகப் போட்டுக் கொண்டுபோங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

8.2.2025. முத்தியால்பேட்டையிலிருந்து

அக்கா, சட்டை முடிஞ்சது. கையைத் தூக்கினா ஏறலை. ஆனா பாக்கெட் அக்குளுக்குப் பக்கத்துல போயிடுச்சு. பிரிச்சா கீழே துணி வேற நிறத்துல இருக்கு.

9.2.2025

பாக்கெட்டை நான் முதல் குறிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். பக்கம் இரண்டு இன்ச் உள்ளே வந்தால் பாக்கெட் அக்குளை நெருங்கத்தான் செய்யும். கைகளைப் பிரிக்கும்போதே பாக்கெட்டையும் பிரித்திருந்தால், புதுக் கைக்குழியை வரைந்த அன்றே இடம் குறித்திருக்கலாம்.

கீழே அழுத்தமாகத் தெரிவது வெயில் படாத அசல் நிறம். துவைத்து அதைச் சமன் செய்ய முடியாது. ஊசி ஓட்டைகள் மட்டும் போகும்: ஈரம் தெளித்து, நகத்தால் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வருடி, ஆவியில் தேய்த்தால் இழை கூடிவிடும். பாக்கெட்டைப் பட்டன் பட்டியை நோக்கி ஒன்றரை இன்ச் நகர்த்துங்கள், நீலக் கோடு கோட்டோடு சேரும்படி. அப்போது பழைய இடத்தில் அக்குள் பக்கமாக ஒன்றரை இன்ச் அகலத்துக்கு அசல் நிறப் பட்டை ஒன்று மட்டும் வெளியே தெரியும். அதன் மேல் சட்டையின் நீலத்தைவிட ஒரு மாற்று அழுத்தமான நூலில், இரண்டு இழை, கோடுகளின் மேலேயே நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுங்கள். பட்டையின் எல்லையில் நிறுத்தாமல் அரை இன்ச் தாண்டி, ஒவ்வொரு வரியையும் வெவ்வேறு நீளத்தில் முடியுங்கள்.